பேச்சிமுத்துவின் பேட்ஜ்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் உயிரோடுதான் இருக்கிறேன். இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓய்வு பெற்றபின் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்பேன். யாராவது ஒருத்தர் பக்கத்தில் வந்து முகத்தை உற்றுப் பார்ப்பார்.

"நீங்க எக்ஸ்ரேல இருந்த எஸ்தரக்காதான? இன்னும் இருக்கியளா?"

பிரியமாகத்தான் கேட்கிறார்கள். ஆனாலும் எதிர்பார்த்தது நடக்காமல் போன ஒரு ஏமாற்றம் அந்தக் குரலில் இருக்கும். இருக்கேன், கத்தரிக்காய் கூட ரெண்டு போடச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, உங்களையும் ஊர் இனி இப்படித்தான் பார்க்கும். அந்த அறையில் நின்றவனுக்கு ஆயுசு குறைவு, பிள்ளை பிறக்காது, மயிர் கொட்டும் என்று பேசும். எவ்வளவு கதிர்வீச்சு பட்டால் உடம்பு என்ன ஆகும் என்பதைப் படித்துத்தான் வந்திருக்கிறீர்கள், அதை நான் மறுபடி ஓதப் போவதில்லை. படித்ததெல்லாம் கையில் இருந்தும் எனக்கு மண்டை காய்ந்த ஒரு சங்கதியைச் சொல்கிறேன். எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கேள்விப்பட்டது சரிதான், இந்தக் கதையிலும் வரும்.

நான் அப்போது ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்தேன். இதயக் குழாய் அடைப்பு எடுக்கிற அறையில் பேச்சிமுத்து என்று ஒரு பையன் டெக்னீஷியன். கெட்டிக்காரன், வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு கோட்டித்தனம் உண்டு. நாம் நெஞ்சில் குத்துகிற பேட்ஜை அவன் கழற்றவே மாட்டான்.

அந்தச் சின்ன பிளாஸ்டிக் பேட்ஜ் எதையும் தடுக்காது. நம்மேல் எவ்வளவு பட்டது என்று உள்ளே பதிந்துகொள்ளும், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் படித்துச் சொல்வார்கள். வேலை முடிந்ததும் மருத்துவமனையில் அதற்கென்று இருக்கிற பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். இவனோ அதைக் குத்திக்கொண்டே பஸ் ஏறுவான், சலூனுக்குப் போவான், கொடை விழாவில் சாமி கும்பிடுவான்.

"ஏலே, அதக் கழத்தி மாட்டிட்டுப் போலே" என்று நான் கத்தாத நாள் கிடையாது.

"இருக்கட்டும்க்கா. பஸ்ல பாக்கவங்க டாக்டர்னு நெனைக்காவ. எடம் தாராவ."

இந்த லட்சணத்தில் அவனுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் நாங்குநேரி, பள்ளிக்கூட டீச்சர். கார்த்திகையில் ஆய்வுக்கூடத்திலிருந்து சேதி வந்தது. பேச்சிமுத்துவின் பேட்ஜில், விசாரிக்க வேண்டிய அளவைத் தாண்டி வந்திருக்கிறது, காரணம் கண்டுபிடித்து எழுது, அதுவரை அந்த ஆளைக் கதிர்வீச்சு வேலையில் விடாதே என்று.

கூப்பிட்டுச் சொன்னேன். பயல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, நான் செத்துருவனா?"

"சாவத்தான் செய்வே. நானும் சாவேன். இதால சாவ மாட்டே."

வயிற்றை ஒருமுறை சி.டி. ஸ்கேன் எடுத்தால் ஒரு நோயாளி மேல் படுகிற அளவுதான் அது. அவனுக்கும் இது தெரியும், இதே பாடத்தில்தான் அவனும் தேறி வந்தவன். ஆனால் தன் உடம்பு என்று வந்துவிட்டால் படிப்பெல்லாம் எங்கே போகிறதோ தெரியவில்லை. மறுநாள் ஒரு கர்ச்சீப்பை விரித்து என் மேசைமேல் வைத்தான். உள்ளே முடி.

"சீப்புல வந்திச்சிக்கா. நேத்து வரைக்கும் இப்படி வந்ததில்ல."

"மயிர் கொட்டணும்னா இதப் போல பல நூறு மடங்கு ஒரேயடியாப் படணும். உங்கப்பா தலையப் பாத்திருக்கியா? அவருக்கு எந்த எக்ஸ்ரேல கொட்டிச்சி?"

"அப்பம் பிள்ள?"

"அதுக்கும் இது காணாது. எனக்கு மூணு பயலுவ இருக்கானுவ, ஒவ்வொருத்தனும் எரும கணக்கா. வேணும்னா ரெண்ட நீ கூட்டிட்டுப் போ."

அவனை வரவேற்பு மேசையில் உட்காரவைத்தோம். அங்கேதான் வேடிக்கை ஆரம்பித்தது. டீக்காரர் அவனுக்கு மட்டும் காகிதக் கப்பில் டீ கொடுத்தார். மற்றவர்களுக்குக் கண்ணாடித் தம்ளர். ஒரு நர்ஸ் கர்ப்பிணிகளைப் பைய எழுப்பி அடுத்த வரிசைக்குக் கூட்டிப் போனாள். எனக்கு வந்ததே கோபம். வராந்தாவில் நின்று கத்தினேன்.

"லைட்ட அணைச்ச பெறவு ரூமுக்குள்ள வெளிச்சம் மிச்சம் இருக்குமா? எக்ஸ்ரே மெசினும் அப்படித்தான். நிறுத்திட்டா முடிஞ்சிட்டு. அவன் ஒடம்புல ஒண்ணும் ஒட்டிக்கிட்டு இருக்காது. ஆஸ்பத்திரில வேல பாக்கவங்களே இப்படிச் செஞ்சா சனம் என்ன செய்யும்?"

டீக்காரர் தலையை ஆட்டினார். அடுத்த நாள் எனக்கும் காகிதக் கப் வந்தது.

காரணம் மட்டும் கிடைக்கவில்லை. அதே அறையில் அவனோடு நின்ற டாக்டர்கள், நர்ஸ்கள் எல்லாருடைய பேட்ஜும் எப்போதும்போலத்தான் காட்டியது. கருவியைச் சோதித்தேன், குறை இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று பலகையிலேயே தொங்குகிற பொது பேட்ஜிலும் ஒன்றும் இல்லை. இவனைக் கேட்டால், "பேட்ஜ் எப்பவும் எங்கிட்டதான்க்கா இருந்திச்சி" என்று ஒரே பாட்டு.

மேலே இருந்தவர்கள் அவசரப்பட்டார்கள். பேசாமல் அவன் வாங்கியதுதான் என்று எழுதி, வேறு பிரிவுக்கு மாற்றிவிடுங்கள் என்றார் ஒருவர். பேட்ஜை வைத்து ஏதோ விளையாடியிருக்கிறான் என்று எழுதுங்கள் என்றார் இன்னொருவர். முதலாவதை எழுதினால் அவன் கல்யாணம் போச்சு, இரண்டாவதை எழுதினால் வேலை போச்சு. இரண்டுமே எனக்குத் தெரியாத சங்கதி, தெரியாததில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். உங்களுக்கும் ஒருநாள் இப்படி இரண்டு காகிதத்தை நீட்டுவார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

இதற்குள் சேதி நாங்குநேரிக்குப் போய்விட்டது. யார் கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஒரு காலையில் பெண்ணின் தாய்மாமன் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். பலசரக்குக்கடை அண்ணாச்சி. வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை, எதையும் எடைபோட்டுப் பார்க்கிற பார்வை.

"நான் ஒளிக்காமக் கேக்கேன், நீங்களும் ஒளிக்காமச் சொல்லணும். பையன் கரண்டு ரூம்ல அடி வாங்கிட்டானாமே. ஆயுசு எம்புட்டு?"

"அண்ணாச்சி, அது கரண்டு இல்ல. பட்டிருந்தாலும் கொஞ்சந்தான் பட்டிருக்கும். ஒண்ணும் செய்யாது."

"அப்பம் அறுவது வரைக்கும் இருப்பான்னு எழுதித் தாருங்க."

"உங்க ஆயுசுக்கு யாராவது எழுதித் தந்திருக்காவளா?"

"நான் கரண்டு ரூம்ல நிக்கலியே."

"நான் நின்னேன். என் காலம் முழுக்க நின்னேன். எனக்கு என்ன ஆயிட்டு?"

அண்ணாச்சி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "அதையும் பாத்துட்டுத்தான் கேக்கேன்" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக விளக்கினேன். கதிர்வீச்சு என்பது எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது, மண்ணில் இருக்கிறது, கல்லில் இருக்கிறது, நாம் தின்கிற வாழைப்பழத்தில்கூட இருக்கிறது என்றேன். இதைச் சொல்லியிருக்கக் கூடாது. பேச்சிமுத்துவின் அப்பா ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஆற்றுப்பாசனத்தில் வாழை போட்டிருக்கிறவர்.

"அப்பம் தோட்டத்துலயும் இருக்கா? மொத்தக் குடும்பமுமே வாங்கியிருக்கா?"

"கர்த்தாவே" என்று நான் தலையில் கைவைத்தேன்.

"நான் என்ன செய்யட்டும்மா" என்றார் அண்ணாச்சி, இப்போது குரல் இறங்கிவிட்டது. "எங்க அக்கா மாப்பிள்ள இல்லாதவ. இந்தப் பிள்ளைக்கு நாந்தான் எல்லாம். அவளானா அவுகளத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கா. நாளைக்கு ஒண்ணுன்னா எங்க அக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? எனக்கு ஆரம்பத்துல இருந்தே மனசு சரியில்ல. ஆவணியில வீடு பாக்கப் போனோம், அன்னைக்கே அபசகுனம். வாசல்ல வேப்பில தொங்குது. பையனோட அம்மாவுக்கு அம்மை போட்டிருக்குன்னு உள்ளயே விடல. பொம்பளையாளுக கேப்பாவளேன்னு கேட்டுக்கு வெளிய நின்னே ஒரு போட்டோ எடுத்துட்டுத் திரும்பிட்டோம். இந்தா பாருங்க."

போனை நீட்டினார். ஓட்டு வீடு, வாசலில் வேப்பிலைக் கொத்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு வழுக்கைத் தலையோடு பேச்சிமுத்துவின் அப்பா. கை வைத்த பனியன் போட்டிருந்தார். பனியனில், நெஞ்சுக்கு நேராக, என் மருத்துவமனையின் பேட்ஜ்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

"இது என்னதுன்னு நெனச்சிய அண்ணாச்சி?"

"அம்மன் படம்னு நெனச்சேன். அம்மை போட்ட வீட்டுல காவலுக்குக் குத்தியிருக்காருன்னுட்டு நானும் தூர நின்னு ஒரு கும்பிடு போட்டேன்."

அவரை உட்காரச் சொல்லிவிட்டு வெளியே போய்ப் பேச்சிமுத்துவின் காதைப் பிடிக்காத குறையாக வராந்தா ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"ஆவணி மாசம் உங்கம்மாவுக்கு என்னலே?"

பயலுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அம்மைக்கா" என்றான். அப்புறம், "அம்மை இல்லக்கா" என்றான். அவன் அம்மாவுக்கு தைராய்டு சுரப்பி அதிகமாக வேலைசெய்கிற நோய். மதுரையில் கதிரியக்க அயோடின் கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியும், அதை உட்கொண்டவர் உடம்பிலிருந்து சில நாள் கதிர்வீச்சு வந்துகொண்டிருக்கும். நமது எக்ஸ்ரே மாதிரி நிறுத்தினால் நின்றுபோகிற சங்கதி இல்லை. தனியறையில் இருங்கள், யாரையும் ரொம்ப நேரம் பக்கத்தில் விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மகன் அந்த வாரம் லீவு. கல்யாணம் ஆகப் போகிறவன் இங்கே நிற்கக் கூடாது என்று அம்மாவே அவனைத் திருச்செந்தூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு விரட்டிவிட்டார். இவன் பேட்ஜ் குத்தின சட்டையை முன்னறை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

"ஏன்லே சவத்த மூதி, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"ஆணி முன்னால இருக்கு, அம்மா பின்கட்டு ரூம்ல. நடுவுல ரெண்டு செவரு. அவ்வளவு தூரத்துக்கு ஒண்ணும் வராதுன்னு நானே கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்க்கா. பெறவு எதுக்கு அம்மா சீக்கப் பத்தி வாயத் தொறக்கன்னு இருந்துட்டேன். மாமாவுக்குத் தெரிஞ்சா சம்பந்தம் கலைஞ்சிரும்."

கணக்கு சரியாகத்தான் போட்டிருந்தான். பேட்ஜ் ஆணியிலேயே இருந்திருந்தால் ஒன்றும் வந்திருக்காது. அது அவன் அப்பா நெஞ்சுக்குப் போயிருந்ததைப் போட்டோவில் பார்த்தேன் என்று சொன்னேன். உண்மையைச் சொன்னால் பேட்ஜ் பழி தீரும், ஆனால் மாமாவிடம் சொன்ன பொய் வெளியே வரும். சொல்லாவிட்டால் பேட்ஜ் பழி அவன் பெயரிலேயே இருக்கும். அவன் வீட்டு நோயை நான் சொல்ல முடியாது, அது எனக்கு உரிமையில்லாத விஷயம். "உங்கப்பாவுக்குப் போன் போடு. சொல்லணுமா வேண்டாமான்னு அவரு முடிவு பண்ணட்டும்" என்றேன்.

மத்தியானம் அவர் வந்துவிட்டார். தோளில் துண்டு, கையில் ஒரு சீப்பு ரஸ்தாளி. பழத்தை என் மேசையில் வைத்தார். அண்ணாச்சி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். பேச்சிமுத்து சுவரோரம் நின்றான்.

பெரியவர் எதையும் சுற்றி வளைக்கவில்லை. "ஆமா, அம்மை இல்ல. பொய்தான் சொன்னேன்" என்று ஆரம்பித்து நோயைச் சொன்னார், மதுரையைச் சொன்னார், மருந்தைச் சொன்னார். "ரேடியேசன், யாரும் உள்ள வராதீங்கன்னா ஊரே எட்டிப் பாக்கும். அம்மைன்னு சொல்லி வேப்பிலயக் கட்டினேன். ஒரு பய வாசப்படி மிதிக்கல."

மூன்று இதழ் போட்ட கதிர்வீச்சு எச்சரிக்கைப் பலகையை எத்தனை கதவில் மாட்டியிருப்பேன். அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, டீ வேணுமா அக்கா என்று கேட்பார்கள். வேப்பிலை எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, நீங்க ஏன் அந்த பேட்ஜக் குத்தினிய?"

"அவ பக்கத்துல இருக்கணும்லா. அதுக்குத்தான்."

"எம்புட்டு நேரம் இருந்திய?"

"தோட்டத்துக்குத் தண்ணி பாச்சுத நேரம் போக மத்த நேரமெல்லாம். கட்டில் ஓரத்துலதான்."

இதோ வந்துவிட்டது காரணம். பேட்ஜ் காட்டியது பொய் இல்லை, அவ்வளவும் ஒரு மனித உடம்பில் பட்டதுதான். அந்த உடம்பு இந்தப் பெரியவருடையது. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, இன்னொரு பக்கம் கோபம். "அய்யா, இது குடை இல்ல. எதையும் தடுக்காது. எம்புட்டு பட்டிச்சின்னு பெறவு சொல்லும், அவ்வளவுதான். இத நம்பியா போய் உக்காந்திய?" என்று சத்தம் போட்டேன்.

"தெரியும்மா" என்றார் அவர்.

"என்ன தெரியும்?"

"இது ஒண்ணும் தடுக்காதுன்னு தெரியும். பய எப்பமோ சொல்லியிருக்கான். அவளுக்குத் தெரியாதுல்லா."

பெரியவர் தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு தொடர்ந்தார்.

"மொத நாளு கதவத் தெறக்க மாட்டேன்னுட்டா. சோத்த வாசல்ல வச்சிட்டுப் போங்க, எனக்கு வந்தது என்னோட போட்டும்னா. போயி தோட்டத்துல நின்னா எனக்கு வேல ஓடல. திரும்பி வந்தா உள்ள அழுத சத்தம் கேக்கு. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அவ ஒத்தையில படுத்ததில்லம்மா. அப்பந்தான் ஆணில இதப் பாத்தேன். குத்திக்கிட்டுப் போயி, இந்தா பாரு, ஒம்மவன் இதப் போட்டுக்கிட்டுத்தான் வேல பாக்கான், இது இருந்தா நம்மள ஒண்ணும் அண்டாதுன்னேன். தெறந்துட்டா."

பேச்சிமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைப்பானேன். அந்த மனிதரைத் திட்ட வேண்டியது என் வேலை. அதை அன்று செய்யவில்லை.

"எனக்கு ஆயுசு கொறயுமாம்மா?" என்று பெரியவரே கேட்டார். பயந்து கேட்டதாகத் தெரியவில்லை. எந்தத் தேதியில் வாழைத்தார் வெட்டலாம் என்று கேட்கிற மாதிரி இருந்தது.

"பட்டது கொஞ்சந்தான். புத்துநோய் வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கொஞ்சம் கூடியிருக்கும், வயசானவங்களுக்கு அதுவும் கம்மி. அப்படியே வந்தாலும் வர பத்து இருவது வருசம் ஆகும். உங்களுக்கு என்ன வயசு?"

"எழுவது தாண்டிட்டு."

"அப்பம் தொண்ணூறு வரைக்கும் இருந்து பாருங்க. பெறவு பேசுவோம்."

"தொண்ணூறா!" என்று முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

"நான் கேட்டப்பம் அறுவதுக்கே எழுதித் தர மாட்டேன்னிய" என்றார் அண்ணாச்சி. பிறகு சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு பெரியவர் பக்கம் திரும்பினார். போச்சு, பொய் சொன்னதற்கு ஒரு பிடி பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பிடித்தார்.

"எங்கிட்ட பொய் சொல்லிட்டீரு வே. அம்மை வீட்டு வாசல்ல நின்னுட்டு வந்தேன்னு எம் பொண்டாட்டி என்ன வீட்டுக்குள்ள விடல. மூணு நாளு கடையில அரிசி மூட்ட மேல படுத்துக் கெடந்தேன். கதவுக்கு வெளிய நின்னு கெஞ்சுதேன், பைய எட்டிக்கூடப் பாக்கல அவ. நீரு என்னடான்னா..." மேசையிலிருந்த சீப்பிலிருந்து ஒரு ரஸ்தாளியைப் பிய்த்து உரித்து வாயில் போட்டார். பாதி மென்றுகொண்டே, "எங்கக்கா மவ இந்த வீட்டுக்குத்தான் வாரா" என்றார்.

பேட்ஜில் பதிந்தது பேச்சிமுத்து மேல் பட்டதல்ல, வேறொருவர் அணிந்திருந்தார் என்று எழுதி அனுப்பினேன். பையன் தன் அறைக்குத் திரும்பினான், வாங்க வேண்டிய ஏச்சை என்னிடம் வாங்கிக்கொண்டுதான். அன்றிலிருந்து பேட்ஜ் பலகையை விட்டு வீட்டுக்குப் போனதில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போனான்.

இதில் நான் கற்றது ஒன்று உண்டு. மருந்து கொடுத்து அனுப்பும்போது, தள்ளி இருங்கள் என்று சொன்னால் மட்டும் போதாது. வீட்டில் யார் இருக்கிறார்கள், யாரால் தள்ளி இருக்க முடியாது என்று கேளுங்கள். அந்த ஆளைக் கூப்பிட்டு, நாற்காலியை எவ்வளவு தள்ளிப் போட்டால் உட்கார்ந்து பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம் என்று சொல்லிக்கொடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் கட்டில் ஓரத்துக்குப் போய்விடுவார்கள், அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தை மாதம் நாங்குநேரியில் கல்யாணம். போயிருந்தேன். மணமகனின் அம்மா முன் வரிசையில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தார், உடம்பு தேறி, கை நடுக்கம் இல்லாமல். பேட்ஜ் கதை மொத்தமும் அவர் காதுக்கு எட்டியிருந்தது. பெரியவர் நாலு நாற்காலி தள்ளி, ஏச்சு வாங்கிய முகத்தோடு தனியாக உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதான் எஸ்தரக்காவா?" என்று அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவுகளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க சொன்னது நெசந்தான? என் மனசு தேறட்டும்னு சொல்லலியே?"

"நெசந்தான்" என்றேன்.

அந்தம்மா என் கையை விட்டார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, மேளச் சத்தத்தையும் மீறிக் கூப்பிட்டார்.

"அங்கன எதுக்கு உக்காந்திருக்கிய? மருந்தெல்லாம் எப்பமோ எறங்கிட்டு. இங்கன பக்கத்துல வாங்க."

பெரியவர் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்தார்.